அமிகாவின் பெருமை சிப்பிலா, இயங்குதளத்திலா? ஓஎஸ் 3.2 பற்றி ஒரு மதிப்புரை

கொமடோர் நிறுவனத்தின் பழைய வீட்டுக் கணினியான அமிகா என்று சொன்னால் பேச்சு உடனே அதன் சிப்களுக்குப் போய்விடும். அக்னஸ், டெனிஸ், போலா. ஜே மைனரும் அவரது குழுவும் வடிவமைத்த மூன்று சிப்கள். 1985இலேயே ஒரே திரையில் 4096 நிறம் காட்டியவை, நான்கு சேனலில் ஸ்டீரியோ இசை வாசித்தவை. அந்தப் புகழ் அவற்றுக்கு உரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மேசையில் ஒரு அமிகா 1200 இன்றைக்கும் இருப்பதற்குக் காரணம் அவை இல்லை. அதில் ஓடும் இயங்குதளம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹைப்பீரியன் நிறுவனம் 2021 மே மாதம் வெளியிட்ட அமிகா ஓஎஸ் 3.2ஐ வாங்கிப் போட்டுப் பாவித்து வருகிறேன். 1985இல் பிறந்த ஒரு இயங்குதளத்துக்கு 36 வருடம் கழித்துப் புதிய பதிப்பு வருகிறது, அதைக் காசு கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குள் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

நான் டோர்ட்முண்டில் ஒரு நிறுவனத்தில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அமிகா ஜேர்மனியில் நன்றாக விற்ற மெசின். கொமடோருக்குப் பிரவுன்ஷ்வைக்கில் தொழிற்சாலையே இருந்தது. அதனால் இங்கே தேடினால் பழைய மெசின்கள் இன்னும் கிடைக்கும். என்னுடைய 1200இல் 14 மெகாஹேர்ட்ஸ் 68இசி020 புரொசெசர், 2 எம்பி நினைவகம், நான் கூடுதலாகப் போட்ட 8 எம்பி அட்டை, வன்தட்டுக்குப் பதிலாக ஒரு கொம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. அவ்வளவுதான். சித்தியின் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பான்: "அண்ணை, உதிலை கேம் விளையாடுறதை விட வேறை என்ன செய்யலாம்?"

அவன் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அமிகா 500 வைத்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதன் இயங்குதளத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. விளையாட்டு பிளொப்பியைப் போட்டு மெசினை இயக்கினால், அந்த விளையாட்டு இயங்குதளத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு நேரே சிப்களைக் கையில் எடுத்துக்கொள்ளும். கோப்பு முறையைக்கூடப் பாவிக்காமல், தானே டிஸ்கின் தடங்களை வாசிக்கும். 2022இல் கடைக்கு வந்த அமிகா 500 மினியும் இதே நினைவைத்தான் விற்கிறது: ஒரு குட்டிப் பெட்டி, தட்ட முடியாத பொம்மைக் கீபோர்ட், 25 விளையாட்டு. விளையாட்டுக்கு நல்ல பொருள். ஆனால் அதை மட்டும் தொட்டவருக்கு அமிகாவின் பாதிதான் தெரியும்.

மற்றப் பாதியைப் பார்க்க ஒரு வழி உண்டு. அமிகா 1000இல் இருந்தது மொட்டோரோலா 68000 புரொசெசர், வேகம் 7 மெகாஹேர்ட்ஸை ஒட்டி. 1984இல் வந்த முதல் மக்கின்டொஷிலும் அதே 68000தான். 1985இன் அட்டாரி எஸ்டியிலும் அதேதான், 8 மெகாஹேர்ட்ஸில். அதாவது புரொசெசர் வேகத்தில் அட்டாரி ஒரு படி மேலே. 520எஸ்டியில் 512 கேபி நினைவகமும் இருந்தது. அமிகா 1000 வந்தது 256 கேபியோடு, இயங்குதளத்தின் அடிப்பகுதியான கிக்ஸ்டார்ட்டை ஏற்றி வைக்கத் தனியாக இன்னொரு 256 கேபி. மூன்றுக்கும் மூளை ஒன்று. ஆனால் அட்டாரியில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான். மக்கில் 1987இல் மல்டிஃபைண்டர் வந்த பிறகும், ஒரு புரோகிராம் தானாக இடம் விட்டால்தான் மற்றது ஓடும். அமிகாவில் முதல் நாளில் இருந்தே இயங்குதளம் எந்தப் புரோகிராமின் சம்மதத்தையும் கேட்காமல் புரொசெசரை ஒன்றிடம் இருந்து வாங்கி மற்றதுக்குக் கொடுத்தது. வீட்டில் விண்டோஸ் பாவித்தவர்கள் இதைக் காண விண்டோஸ் 95 வரவேண்டியிருந்தது. மக் ஆட்கள் 2001இன் ஓஎஸ் டென் வரை காத்திருந்தார்கள். புரொசெசர் ஒன்றாக இருக்கும்போது இந்த வித்தியாசத்துக்குச் சிப்பைக் காரணம் சொல்ல முடியாது. கார்ல் சாசென்ராத் எழுதிய எக்ஸெக் என்ற, இயங்குதளத்தின் மையப் பகுதிதான் காரணம்.

எக்ஸெக் எவ்வளவு சின்னது, எவ்வளவு சுத்தம் என்று வேலை முடிந்து வந்து வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். முழு மெசினிலும் ஒரு புரோகிராம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய நிலையான முகவரி ஒன்றே ஒன்று: 4. அங்கே எக்ஸெக்கின் இருப்பிடம் எழுதியிருக்கும். அங்கிருந்து எந்த நூலகத்தையும், அதாவது புரோகிராம்கள் பொதுவாகப் பாவிக்கும் செயல்களின் தொகுப்பையும், பெயர் சொல்லித் திறக்கலாம். இயங்குதளத்தின் அடிப்பகுதி பதிந்திருக்கும் ரொம் சிப் மாறலாம், நினைவகம் கூடலாம், புரொசெசர் மாறலாம். ஒழுங்காக எழுதிய புரோகிராமுக்கு அது எதுவும் தெரியத் தேவையில்லை. புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசுவது செய்திகளால். செய்தியைப் பிரதி எடுத்து அனுப்புவதில்லை. அது இருக்கும் முகவரியை மட்டும் கைமாற்றும். அதனால்தான் 7 மெகாஹேர்ட்ஸில் அந்த வேகம் வந்தது.

இதை நேரில் உணர ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு புரோகிராமை நல்ல பாரமான வேலையில் மாட்டிவிட்டு அதன் விண்டோவில் ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். புரோகிராம் இன்னும் பதில் சொல்லியிருக்காது. ஆனால் பொத்தான் உடனே உள்ளே போகும், உருள்பட்டை கையோடு வரும், விண்டோவை இழுத்து வேறு இடத்தில் வைக்கலாம். ஏனென்றால் பொத்தானை வரைவது அந்தப் புரோகிராமின் வேலை இல்லை. உள்ளீட்டைக் கவனிக்கும் பணிக்கு முன்னுரிமை 20. சாதாரணப் புரோகிராமுக்கு 0. விண்டோக்களையும் பொத்தான்களையும் கவனிக்க ஆர். ஜே. மைக்கல் எழுதிய இன்டியூஷன் என்ற பகுதி அந்த உயர்ந்த இடத்தில் இருந்துகொண்டு பாவனையாளரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மவுஸ் அம்பு, சிப்பே திரையின் மேல் தனியாக வரையும் ஸ்பிரைட் என்ற சின்னப் படம், அந்தளவுக்குச் சிப்பின் உதவி உண்டு. ஆனால் 'உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு முதலிடம்' என்ற முடிவை எடுத்தது இயங்குதளம். நான் வேலையில் பாவிக்கும் மடிக்கணினி இந்த 1200ஐ விடப் பல்லாயிரம் மடங்கு வேகம், ஆனாலும் சில நேரம் கிளிக் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: அசைன். அமிகாவில் டிஸ்குக்குப் பெயர் உண்டு, அந்தப் பெயராலேயே கூப்பிடலாம். 'லெட்டர்ஸ்' என்று ஒரு பிளொப்பிக்குப் பெயர் வைத்தால், 'லெட்டர்ஸ்:' என்று எழுதினால் போதும். அது எந்த டிரைவில் இருக்கிறது என்ற கவலை இல்லை. டிஸ்க் வெளியே இருந்தால், லெட்டர்ஸை ஏதாவது ஒரு டிரைவில் போடுங்கள் என்று ஒரு பெட்டி வரும். போட்டவுடன் பெட்டி தானாகவே மறையும். ஓகே அழுத்தத் தேவையில்லை. இது வரைக்கும் வசதி. இனித்தான் விஷயம். அந்தப் பிளொப்பியில் உள்ள கோப்புகளை வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் போட்டு, 'லெட்டர்ஸ் என்றால் இனி இந்தக் கோப்புறை' என்று ஒரு வரி அசைன் கட்டளை கொடுத்தால், 1987இல் எழுதிய புரோகிராமும் டிஸ்க் உள்ளே இருப்பதாகவே எண்ணி வேலை செய்யும். இயங்குதளமே தன் வீட்டை இப்படித்தான் வைத்திருக்கிறது. நூலகங்கள் 'லிப்ஸ்:' என்ற பெயரில், எழுத்துருக்கள் 'ஃபொன்ட்ஸ்:' என்ற பெயரில். ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று கோப்புறைகளையும் சேர்க்கலாம். எனது எழுத்துருக்கள் எல்லாம் தனியாக ஒரு கோப்புறையில் இருக்கின்றன. அதை 'ஃபொன்ட்ஸ்:' உடன் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான். இயங்குதளத்தின் கோப்புறைக்குள் நான் கை வைக்கவே இல்லை.

டிஸ்கையும் கோப்புகளையும் கவனிக்கும் இந்த டொஸ் பகுதியின் கதையும் சொல்ல வேண்டும். அமிகாவுக்கென்று திட்டமிட்ட கோப்பு முறை நேரத்துக்கு முடியவில்லை. அதனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 70களில் உருவான டிரைப்போஸ் என்ற இயங்குதளத்தை மெட்டாகொம்கோ என்ற ஆங்கிலேய நிறுவனம் அமிகாவுக்குப் பொருத்திக் கொடுத்தது. பிசிபிஎல் மொழியில் எழுதியது, எக்ஸெக்கோடு முழுதாக ஒட்டவில்லை. 2.0 பதிப்பில் திரும்ப எழுதும் வரை புரோகிராமர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் கவனியுங்கள்: நான் தினமும் பாவித்து ரசிக்கும் இந்தப் பகுதியின் அடித்தளம், அக்னஸும் டெனிஸும் இல்லாத ஒரு இடத்தில், வேறு மெசினுக்காக எழுதப்பட்டது.

அடுத்தது டேட்டாடைப்ஸ், 1992இன் 3.0 பதிப்பில் வந்தது. ஒரு படக் கோப்பை எப்படி வாசிப்பது என்ற அறிவைப் புரோகிராமுக்குள் வைக்காமல் இயங்குதளத்தில் ஒரு பொது இடத்தில் வைப்பது. பிஎன்ஜி வடிவம் பிறந்தது 1996இல். அதற்கான டேட்டாடைப்பைச் சேர்த்தவுடன், கோப்புகளைத் திறந்து காட்டும் 1992இன் மல்டிவியூ புரோகிராம் பிஎன்ஜி படத்தைத் திறந்து காட்டுகிறது. தான் எழுதப்பட்டபோது உலகத்தில் இல்லாத ஒரு வடிவத்தை! மல்டிவியூ மட்டுமல்ல, டேட்டாடைப்ஸ் மூலம் படம் திறக்கும் புரோகிராம்கள் அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் பிஎன்ஜி கற்றுக்கொள்கின்றன. சின்ன மெசினில் பெரிய படம் திறக்க நேரம் எடுக்கும், அது உண்மை. புரொசெசரின் வேகம் அவ்வளவுதான்.

ரேம் டிஸ்க் பற்றி நீட்ட வேண்டாம். 'ரேம்:' என்று ஒரு டிஸ்க் எப்போதும் இருக்கும். கோப்புப் போட்டால் வளரும், அழித்தால் சுருங்கும். முன்கூட்டியே அளவு ஒதுக்கும் வேலை இல்லை.

ஆரெக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் மொழி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வில்லியம் ஹாஸ் எழுதியது, 1990இன் 2.0 முதல் இயங்குதளத்தோடேயே வருகிறது. இதற்கு ஆதரவு தரும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு வாசலைத் திறந்து வைத்துக் கட்டளைகளை வாங்கும். நீங்கள் ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் கட்டளைகளை எழுதிப் பல புரோகிராம்களை ஒன்றாக வேலை வாங்கலாம். அம்மா கொப்பியில் வரைந்து வைத்திருந்த கோலங்களை டீலக்ஸ் பெயின்ட் என்ற ஓவியப் புரோகிராமில் வரைந்து சேமித்து வருகிறேன். அதன் சமச்சீர்க் கருவி கோலத்துக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு பக்கம் இழுத்தால் மற்றப் பக்கங்களும் கூடவே வரும். வரைந்து முடித்த படங்களை எல்லாம் பர்சனல் பெயின்டுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து, நிறத்தை 16 ஆகக் குறைத்து, பெயருக்குப் பின்னால் எண் போட்டு இன்னொரு கோப்புறையில் சேமிப்பதை ஒரு ஆரெக்ஸ் ஸ்கிரிப்ட் செய்கிறது. சில வரிகள்தான். இந்த இரண்டு புரோகிராமையும் எழுதியவர்கள் வேறு வேறு நிறுவனத்து ஆட்கள். அவர்களுக்கு இடையில் பொதுவாக இருந்தது இயங்குதளம்.

சிப்பையும் இயங்குதளத்தையும் பிரிக்கவே முடியாத இடமும் உண்டு. அமிகாவில் ஒவ்வொரு திரைக்கும் தனித் தெளிவுத்திறன், தனி நிறங்கள். மேல்பட்டையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், பின்னால் இருக்கும் இன்னொரு திரை தெரியும். மேலே 640 புள்ளியில் 4 நிறத்தில் வேர்க்பெஞ்ச் என்ற அமிகாவின் மேசைத்திரை, கீழே 320 புள்ளியில் 32 நிறத்தில் படம், ஒரே மொனிட்டரில் ஒரே நேரத்தில். கொப்பர் என்ற பகுதி, ஒளிக்கற்றை திரையில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே வரிக்கு வரி டெனிஸின் அமைப்பை மாற்றுவதால் நடக்கும் காரியம் இது. தனி வரைகலை அட்டை போட்ட அமிகாவில் திரைகள் இருக்கும், மாறி மாறிப் போகலாம், ஆனால் இந்த இழுப்பு பெரும்பாலும் அப்படிக் கிடைக்காது. இங்கே முழுப் பெருமையும் சிப்புக்கே.

ஆனால் அந்தச் சிப்களுக்கு வயது போய்விட்டது. படத்தை அடுக்கடுக்காகத் தனித்தனித் தளங்களில் வைக்கும் அவற்றின் முறை 1985இல் நினைவகத்தை மிச்சம் பிடித்தது. 1993 டிசம்பரில் டூம் வந்தபோது அதே முறை கழுத்தைப் பிடித்தது. அந்த மாதிரி விளையாட்டுக்குப் புள்ளிக்கு ஒரு பைட் என்ற பிசியின் எளிய முறைதான் தோது. அடுத்த வருடம் ஏப்ரலில் கொமடோர் திவாலானது. இயங்குதளம் நிற்கவில்லை. அமிகா ஓஎஸ் 4, அமிகா வழியில் வந்த மோர்ஃப்ஓஎஸ் இரண்டும் பவர்பிசி என்ற வேறு புரொசெசருக்குப் போயின, அங்கே அக்னஸ் தேவையில்லை. மோர்ஃப்ஓஎஸ் பழைய மக் மினி ஜி4இல் ஓடும். அதே வழியில் வந்த இலவச இயங்குதளமான ஆரொஸ் சாதாரண இன்டெல் கணினியில் ஓடும். அசைன், டேட்டாடைப்ஸ், ரேம் டிஸ்க் எல்லாம் அங்கேயும் அப்படியே இருக்கின்றன.

குறைகளும் சிறியவை இல்லை. நினைவகப் பாதுகாப்பு கிடையாது. செய்தியை முகவரியால் கைமாற்றுகிறார்கள் என்று மேலே புகழ்ந்தேனே, அதன் விலை இதுதான்: எல்லாப் புரோகிராமும் ஒரே நினைவகத்தில் சுவர் இல்லாமல் வாழ்கின்றன. ஒன்று தவறான இடத்தில் எழுதினால் முழு மெசினும் விழும், கறுப்புப் பின்னணியில் சிவப்புச் சட்டம் மின்னும் குரு மெடிடேஷன் என்ற பிழைச் செய்தி வரும். செத்துப்போன புரோகிராம் பிடித்து வைத்திருந்த நினைவகத்தை மீட்டெடுக்கவும் ஆள் இல்லை. 3.2இலும் இது மாறவில்லை, பழைய புரோகிராம்களை உடைக்காமல் மாற்றவும் முடியாது. நீண்ட வேலை செய்யும்போது அடிக்கடி சேமியுங்கள்.

தமிழ்? யூனிகோட் இல்லை. எழுத்து ஒன்றுக்கு 8 பிட், லத்தீன்-1 அட்டவணை. யூனிகோடுக்கு முன் நாங்கள் தமிழுக்கென்று தனி எழுத்துரு போட்டு எழுதிய காலத்து முறையில், லத்தீன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வரிவடிவங்களை வைத்து ஏமாற்றலாம். ஆனால் அந்த எழுத்தை வெளியே கொண்டுபோனால் குப்பையாகத் தெரியும். இணையமும் இதில் பார்க்கும் எண்ணம் வேண்டாம். இன்றைய தளங்களுக்கு இந்தப் புரொசெசர் காணாது.

3.2 என்ற பதிப்புக்கு வருவோம். முதல் பார்வைக்கு அதே சாம்பல் நிற 1993 முகம்தான், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான் அதிகம் பாவிப்பது, ஏடிஎஃப் என்ற பிளொப்பி பிரதிக் கோப்புகளை உண்மையான டிஸ்க் போலவே ஏற்றிப் பார்க்கும் வசதி. முன்பு இதற்கு வெளியே இருந்து தேடிப் பிடித்துப் போட வேண்டும். விண்டோவைத் திரையின் விளிம்புக்கு வெளியே இழுக்கலாம். சின்னத் திரையில் இதன் அருமை பெரிது. ரியாக்ஷன் என்ற இடைமுகக் கருவிகள் உள்ளேயே வந்துவிட்டன. அமிகா 1000இல் இருந்து 4000 வரை எல்லாவற்றுக்கும் ஒரே சீடி. அமிகா பெயரின் உரிமையைப் பற்றி நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்குகள் எனக்குச் சலிப்பு. எழுதுகிற புரோகிராமர்களின் உழைப்புக்காகத்தான் காசு கொடுத்தேன், கொடுத்ததில் நிறைவு.

மெசின் இல்லாதவர்கள் குளோவான்டோ நிறுவனத்தின் அமிகா ஃபொரெவர் மென்பொருளை வாங்கித் தொடங்கலாம். சட்டபூர்வமான ரொம்களும் வேர்க்பெஞ்சும் சேர்ந்து வரும், விண்டோஸ் கணினியில் உடனே ஓடும். காசு செலவழிக்காமல் பார்க்க ஆரொஸ் இருக்கிறது. விளையாட்டு மட்டும் போதும் என்றால் 500 மினி.

1200 கையில் உள்ளவர்கள் 3.2 சீடியோடு ரொம் சோடியையும் சேர்த்தே வாங்குங்கள். அதற்கு முன் பலகையில் உள்ள கப்பாசிட்டர்களைப் பாருங்கள். 1200இல் அவை கசிந்து தாமிரத் தடங்களைத் தின்னும். இன்னும் மாற்றாமல் இருந்தால் முதலில் அந்த வேலையை ஒரு கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். ரொம் மாற்றும்போது ஒரு விஷயம் கவனம்: சிப்புக்கு 40 கால், சொக்கெட்டில் 42 துளை. ஒரு முனையில் எதிரெதிராக இரண்டு துளை காலியாக நிற்க வேண்டும். பழைய சிப்பைக் கழற்றும் முன், அது எந்தப் பக்கம் ஒதுங்கி இருக்கிறது, அதன் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு சிப்பில் எது யூ6ஏ, எது யூ6பி என்று ஒட்டுத்தாளில் இருக்கும், இடம் மாற்றிப் போடாதீர்கள்.